ஹெஸ்டர் பேட்மேன் முத்திரை உள்ள பழைய வெள்ளி டீபாட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

லண்டன் கடையில் 1780களின் வெள்ளி டீபாட் ஒன்றைப் பார்த்தீர்கள், அந்தக் காலத்தில் லண்டனில் வெள்ளிப் பட்டறை நடத்திய ஹெஸ்டர் பேட்மேன் என்ற பெண்மணியின் பெயருக்காகவே விலையை ஏற்றிச் சொல்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாத்திரம் நன்றாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். பெயருக்காக மட்டும் வேண்டாம். இத்தனைக்கும் எனக்கு அந்த அம்மாவின் மேல் பெரிய மரியாதை உண்டு.

கணவர் ஜான் 1760இல் இறந்தபோது ஹெஸ்டருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. மறு ஆண்டே வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் தன் பெயரில் முத்திரையைப் பதிவு செய்தார். பன்ஹில் ரோ தெருவில் இருந்த பட்டறையைப் பிள்ளைகளோடு சேர்ந்து 1790 வரை நடத்தினார். அவருடைய முத்திரை, எச், பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் சாய்ந்த கையெழுத்து வடிவில் இருக்கும். ஆனால் அந்த முத்திரை இருப்பதாலேயே அவர் கைப்படச் செய்தது என்று ஆகிவிடாது. 'இந்தச் சரக்குக்கு நான் பொறுப்பு' என்பதுதான் அதன் பொருள். தட்டியவர், செதுக்கியவர், மூக்கைப் பற்றவைத்தவர் எல்லாம் பட்டறை ஆட்கள்.

அவருடைய கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. அவருக்கு முந்தைய தலைமுறையில் பால் டி லாமெரி போன்ற வெள்ளிக் கொல்லர்கள் பிரபுக்களுக்காகக் கனமான வெள்ளியில் வேலை செய்தார்கள். ஹெஸ்டரின் பட்டறை, உருளையில் இழைத்த மெல்லிய வெள்ளித் தகட்டை வளைத்து, கைப்பிடிப் பக்கம் இணைத்து, நேரான சுவர் கொண்ட நீள்வட்ட டீபாட்களைச் செய்தது. விளிம்பில் மணிமணியாக ஒரு வரிசை, உடம்பில் ஒளி பட்டால் மின்னும் 'பிரைட் கட்' செதுக்கல், அவ்வளவுதான் அலங்காரம். வெள்ளி குறைவு, அழகில் குறையில்லை. நடுத்தர வியாபாரக் குடும்பமும் வாங்க முடிந்தது. அப்புறம் 1784இல் நூறு சதவீதத்துக்கும் மேல் இருந்த தேயிலை வரியை அரசாங்கம் பன்னிரண்டரை சதவீதமாகக் குறைத்தது. தேநீர் குடிப்பவர்கள் பெருகினார்கள்.

அதே ஆண்டு வெள்ளிக்கு அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி வந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக ராஜாவின் தலை உருவத்தை முத்திரையாக அடித்தார்கள். உங்களுக்கு இது நல்ல துப்பு. 1784 டிசம்பரிலிருந்து 1786 மே வரை அந்தத் தலை உள்ளே குழிந்திருக்கும், அதன் பிறகு புடைத்திருக்கும். கூடவே நடக்கும் சிங்கம், லண்டனுக்கான சிறுத்தைத் தலை, ஆண்டைக் குறிக்கும் எழுத்து, செய்தவர் முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். நாம் நகையில் 916 பார்ப்பது போல, அங்கே சிங்கம்தான் 92.5 சதவீதத் தூய்மைக்குச் சான்று. மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். வழக்கமாக அங்கே சிங்கமும் செய்தவர் முத்திரையும் இருக்கும். வேறு எழுத்துகள் இருந்தால் மூடி வேறு பாத்திரத்திலிருந்து வந்தது.

மெல்லிய தகடு என்பதால் தேய்மானம்தான் பெரிய கவலை. இருநூறு வருஷமாகப் பாலிஷ் போட்டதில் செதுக்கல் மழுங்கியிருக்கும். பழைய உரிமையாளர்கள் செதுக்கிய குடும்பச் சின்னத்தைப் பின்னால் அழித்த இடத்தை விரலால் அழுத்தினால் சில சமயம் உள்வாங்கும். அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள். வாயால் ஊதி ஆவி படியவைத்தால் பற்றவைத்த தையல்கள் கோடாகத் தெரியும். கீல், மூக்கின் அடிப்பகுதி இரண்டையும் இப்படிச் சோதியுங்கள். மரக் கைப்பிடி பிற்காலத்தில் மாற்றியதாக இருந்தால் அது பெரிய குறையல்ல. மூடியின் குமிழ் தந்தமாக இருந்தால் கவனம் தேவை. பிரிட்டனில் இப்போது தந்தம் உள்ள பொருளை விற்க, 1947க்கு முந்தையது, பத்து சதவீதத்துக்கும் குறைவான தந்தம் போன்ற விதிவிலக்குகளின் கீழ் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

விலை ஒத்துவராவிட்டால், பட்டறையை அடுத்து நடத்திய மகன் பீட்டர், மருமகள் ஆன் இருவரின் முத்திரை உள்ளதைத் தேடுங்கள். அது 1791இல் பதிவானது. அதே பட்டறை, கிட்டத்தட்ட அதே பாணி. பெயருக்காக அவ்வளவு விலை கேட்கமாட்டார்கள்.