பாப்பா கல்லு கட்டுற வேலைக்குப் போறேங்குதுன்னு அழுத பாபநாசம் தங்கச்சிக்கு

தங்கச்சி, நேத்து ராத்திரி நீங்க அனுப்புன மூணு வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன், மூணாவதுல பேச முடியாம பாதியில நிறுத்திட்டீங்க, எனக்கும் மனசு என்னமோ பண்ணுச்சு. போன்லயே சொல்லலாம்தான், ஆனா உங்க வீட்டுக்காரரும் இத முழுசா கேக்கணும், அதனால எழுதியே அனுப்புறேன், அவரு வயல்லேர்ந்து வந்து சாப்ட்டு உக்காந்தப்புறம் பொறுமையா படிச்சுக் காட்டுங்க.

பாப்பா பிளஸ் டூல நல்ல மார்க்கு, பி.காம் சீட்டு கையில இருக்கு, அது வேணாம் கும்பகோணத்துல பட்டறையில உக்காந்து கல்லு கட்டக் கத்துக்கறேங்குது, இதான விஷயம். நீங்க கேட்டது மூணு. டிகிரி இல்லாம போயிடுமா, மெஷின் வந்த காலத்துல இதுல சோறு கிடைக்குமா, நம்ம குலத்தொழிலும் இல்ல பொம்பளப்புள்ள வேற ஊரு என்ன பேசும். நாலாவதா ஒண்ணு நீங்க கேக்கவே இல்ல, எனக்கு அதுதான் எல்லாத்தையும் விட பெருசா படுது, அதையும் சொல்றேன்.

முதல்ல பாப்பா ஆசப்படுற வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியணும், ஏன்னா நீங்க பேசுனத வச்சுப் பாத்தா நகைக்கடையில நின்னு விக்கிற வேலைன்னு நினைச்சுட்டீங்க போல. அது இல்ல. பட்டை தீட்டுன கல்லு, வைரமோ கெம்போ நீலமோ, அத தங்கத்துல நிக்க வைக்கிற வேலை. நம்ம பாட்டிங்க போட்ட தோட்டுல கல்லுக்குப் பின்னாடி தகடு மூடியிருக்கும் பாருங்க, அது குளோஸ் செட்டிங். ஓபன் செட்டிங்குல நாலோ ஆறோ கம்பி விரல் மாதிரி எழுந்து நின்னு கல்லைக் கவ்விக்கும், பிராங்குன்னு சொல்வாங்க, கல்லுக்குக் கீழயும் பக்கத்துலயும் வெளிச்சம் போகும். மோதிரத்துல கல்லு மட்டும் தூக்கி நிக்குற மாதிரி தெரியுதே, அந்த ஆறு பிராங் மாடலை 1886-ல அமெரிக்காவுல டிஃபனி கம்பெனி கொண்டுவந்தது, இன்னிக்கு வரைக்கும் கேக்குறாங்க.

வேற ஒரு பையனுக்கு வழி சொல்றதுக்காக நான் ஒரு பட்டறையில ஒரு மத்தியானம் முழுக்க உக்காந்து பாத்திருக்கேன். பத்தர் கையில 5 மில்லிமீட்டர்ல ஒரு நீலக்கல்லு. தங்கத்தை ஓட்டை ஓட்டையா இருக்குற தகடு வழியா இழுத்து இழுத்து கம்பியாக்குனாரு, நடுநடுவுல நெருப்புல காட்டி பதமாக்கிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா கம்பி விறைச்சுப் போய் விரிசல் விட்டுடும். அப்புறம் ரெண்டு வளையம், மேல உள்ளது கொஞ்சம் பெருசு கீழ உள்ளது சின்னது, அந்த மேல் வளையமும் கல்லை விட ஒரு துளி சின்னதாத்தான் இருக்கணும், இல்லன்னா மேலேர்ந்து பாக்குறப்ப கல்லைச் சுத்தி தங்கம் எட்டிப் பாக்கும். வளையத்துல நாலு எடத்துல அரத்தால பள்ளம் ராவி, நாலு கம்பிய நிக்க வச்சு, வெங்காரம் தடவி, ஒட்டவைக்கிற பொடி வச்சு ஊதி பத்தவச்சாரு. நாலுல ஒண்ணு சாஞ்சாலும் பிரிச்சு மறுபடி மொதல்லேர்ந்து.

இது வரைக்கும் வெறும் கட்டு, அதாவது கல்லு உக்கார்ற கூடு, கல்லு இன்னும் வரல. கல்லுக்கு இடுப்பு மாதிரி ஒரு விளிம்பு உண்டு, மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேர்ற எடம். அந்த விளிம்பு போய் உக்கார்றதுக்கு நாலு கம்பியிலயும் உள்பக்கமா ஒரே உயரத்துல சின்னதா ஒரு வெட்டு போடணும். கம்பி கனத்துல மூணுல ஒரு பங்கு ஆழம், எந்தக் காரணத்துக்காகவும் பாதியத் தாண்டக்கூடாது. கூட வெட்டுனா கம்பி மெலிஞ்சு பின்னாடி ஒடியும், குறைச்சு வெட்டுனா கல்லு ஆடும், ஒரு வெட்டு உயரம் மாறுனா கல்லு ஒருக்களிச்சு நிக்கும். கல்லை லேசா சாய்ச்சு உள்ள எறக்குனாரு, டக்குன்னு ஒரு சத்தம், அவரு முகம் அப்பதான் தெளிஞ்சுது. அப்புறம் ஒரு கம்பிய லேசா அமுக்கி, அதுக்கு நேர் எதிர்ல இருக்குற கம்பிய லேசா அமுக்கி, மறுபடி மத்த ரெண்டும், இப்படி மாத்தி மாத்தி. ஒரே பக்கத்த முழுசா அமுக்குனா கல்லு நகர்ந்துடும், இல்லன்னா விளிம்புல சில்லு போயிடும். அமுக்குறப்பல்லாம் அவரு மூச்ச நிறுத்துறாரு தங்கச்சி, நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். கடைசியா நுனிய வெட்டி, உருட்டி ராவி, தன் வேட்டி முனைய எடுத்து கல்லு மேல இழுத்துப் பாத்தாரு, ஒரு நூலும் மாட்டல.

அந்த நூலு விஷயம் எனக்கு நல்லா தெரியும். எங்கம்மாவோட ஏழு கல்லு தோடு துண்டுல மாட்டுது மாட்டுதுன்னு ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தாங்க, நாங்க யாரும் காதுல வாங்கல, ஒரு நாள் தலை துவட்டிட்டு நிமிர்ந்தா ஒரு கல்லு இல்ல. கம்பி நுனி தேஞ்சு போச்சுன்னா நூலு மாட்டும், அது கல்லு விழப்போகுதுன்னு அர்த்தம், அன்னிக்குத் தெரியல. ஒரு கடையில குடுத்து வேற கல்லு வச்சு வாங்குனோம், அதுவும் ஆறே மாசத்துல போச்சு. அப்புறம் ஒரு வயசான பத்தர் கண்ணாடி வச்சுப் பாத்துட்டு கம்பிய பாதிக்கு மேல வெட்டியிருக்காங்கன்னு சொன்னாரு. அம்மா அந்தத் தோட்ட அப்புறம் போடவே இல்ல. அதனாலதான் இந்த வேலைய நல்லா கத்துக்கணும்னு ஒரு புள்ள கேக்குதுன்னா நான் லேசா எடுத்துக்க மாட்டேன்.

இப்ப மெஷின். உங்க பயம் நியாயமானது, இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். திருச்சியச் சுத்தி செயற்கைக் கல்லு பட்டை தீட்டுறது எத்தனை குடும்பத்துக்கு சோறு போட்டுச்சு, மெஷின்ல தீட்டுன கல்லு வெளிநாட்டுலேர்ந்து மலிவா வந்து எறங்குனதும் எப்படி சுருங்கிப் போச்சுன்னு உங்க வீட்டுக்காரருக்கே தெரியும். நகையிலயும் கோயம்புத்தூர், திருச்சூர் பக்கம் கம்ப்யூட்டர்ல டிசைன் போட்டு, மெழுகுல மாடல் எடுத்து, அந்த மெழுகுலயே சின்னக் கல்லெல்லாம் வச்சு தங்கத்தை ஊத்திடுறாங்க. ஒரே அளவு கல்லு ஒரே மாடல் ஆயிரம் உருப்படின்னா அதுல பாப்பா போட்டி போட முடியாது, போடவும் வேணாம். ஆனா ஒரு அம்மா தன் மாமியாரோட பழைய கல்ல கொண்டு வர்றாங்க, அது முழு வட்டமும் இல்ல ஒரு பக்கம் கனம் ஜாஸ்தி, அதுக்கு எந்த ரெடிமேட் கட்டும் பொருந்தாது. தேஞ்ச பிராங்குக்கு நுனி வைக்கணும், விழுந்த கல்ல திரும்பக் கட்டணும். இதுக்கெல்லாம் கை வேணும், அந்தக் கட்டு முழுசையும் கையால செய்யத் தெரிஞ்ச ஆளு வேணும். வெறும் கல்லு பதிக்க மட்டும் கத்துக்கிட்டா ஃபேக்டரிக்குத்தான் போகணும், கம்பி இழுக்குறதுலேர்ந்து கத்துக்கிட்டா சொந்தமா நிக்கலாம், நான் பாப்பாகிட்ட அழுத்திச் சொல்லப்போறது இதத்தான்.

அதுலயும் நம்ம டெல்டாவுக்குன்னு ஒரு வேலை இருக்கு. சூரியனார்கோயில், திங்களூர், ஆலங்குடி, கஞ்சனூர், திருநாகேஸ்வரம்னு நவகிரகக் கோயில் ஒன்பதும் நம்மளச் சுத்திதான், ராசிக்கல்லு மோதிரம் கேக்குறவங்க கல்லு விரல்ல படணும்னு பின்பக்கம் தொறந்த கட்டாத்தான் கேப்பாங்க. நவரத்தின மோதிரம்னா கேக்கவே வேணாம், ஒரே மோதிரத்துல ஒன்பது விதமான கல்லு. கல்லோட கடினத்த 1-லேர்ந்து 10 வரைக்கும் அளக்குற மோஸ் கணக்குல வைரம் 10, மாணிக்கம் நீலம் புஷ்பராகம் 9, முத்து வெறும் 2.5. முத்தும் பவளமும் பட்டை தீட்டுற வகையே இல்ல, அதுக்கு கட்டே வேற. மரகதம் எண் கணக்குல 8 கிட்ட வரும் ஆனா உள்ளுக்குள்ள விரிசல் ஓடியிருக்கும், நீலத்துக்கு அமுக்குற மாதிரி அமுக்குனா போச்சு, அந்த விரிசல மறைக்க எண்ணெய் வேற ஊட்டியிருப்பாங்க, அல்ட்ராசோனிக் மெஷின்ல கழுவுனா எண்ணெய் போயி விரிசல் பளிச்சுன்னு தெரியும். வைரத்துல லேசுல கீறல் விழாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அடிபட்டா பிளந்துக்கும்னு பல பேருக்குத் தெரியாது. நம்மாளுங்க 916 தான், அதாவது 22 கேரட்தான் வேணும்பாங்க, அது மெத்துன்னு இருக்கும், 18 கேரட்ல தங்கம் 75 சதவீதம்தான் ஆனா பிராங்கு விறைப்பா நிக்கும், வைர நகை பெரும்பாலும் 18-ல வர்றதுக்கு அதான் காரணம். இத்தனையும் படிப்புதான் தங்கச்சி, காலேஜ்ல இல்லாத படிப்பு.

டிகிரிய விடச்சொல்லி நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துலயோ இக்னோவுலயோ பி.காம் போட்டுடுங்க, நாளைக்கு சொந்தமா பட்டறை வச்சா ஜிஎஸ்டி, ஸ்டாக், தங்கக் கணக்கு எல்லாத்துக்கும் அது உதவும், மாப்ள வீட்டுக்கு சொல்றதுக்கும் ஆச்சு. பகல்ல பட்டறை. முதல் வருஷம் பித்தளை, செம்பு, வெள்ளியில அரம் புடிக்க, கம்பி இழுக்க, பொடி வைக்க மட்டும் கத்துக்கட்டும், அந்த வருஷம் பெருசா வருமானம் எதிர்பாக்காதீங்க. ரெண்டாவது வருஷம் கல்லு. ஐடிஐ-ல கோல்ட்ஸ்மித்னு ஒரு டிரேடு உண்டு, ஆனா எல்லா ஐடிஐயிலயும் நடத்துறதில்ல. பட்டறையிலயே கத்துக்கிட்டவங்களுக்கும் தேர்வு வச்சு சர்டிபிகேட் குடுக்க ஜெம் அண்ட் ஜுவல்லரி ஸ்கில் கவுன்சில் இருக்கு, அத கண்டிப்பா வாங்கிடணும், வெளியூர்ல வேலை கேக்குறப்ப வாய்வார்த்தை செல்லாது. கை நல்லா வந்துச்சுன்னா மும்பை, ஜெய்ப்பூர்ல இருக்குற ஐஐஜிஜேங்குற நகைத்தொழில் கல்வி நிலையத்துல ரத்தினவியல் கோர்ஸ் பண்ணலாம், கல்லு எது அசல் எது சிந்தெடிக்னு தெரியாம கல்லு கட்டுறவங்க மேலதான் பின்னாடி பழி விழுது. யாராவது வந்து தமிழக அரசோட கலைஞர் கைவினைத் திட்டத்துல இப்பவே லோன் வாங்கித் தரேன்னா நம்பாதீங்க, அது 35 வயசு ஆனவங்களுக்கு.

நீங்க கேக்காத நாலாவது விஷயம் உடம்பு. கேடிஎம் நகைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, காட்மியம் கலந்த பொடியால பத்தவைக்கிறது, சூட்டுல அது புகையாகி மூச்சுல போனா நுரையீரலும் கிட்னியும் கெடும். பட்டறைக்குப் போனதும் முதல்ல கேளுங்க, காட்மியம் இல்லாத பொடியா, ஊதுற எடத்துல புகை வெளிய போக ஃபேன் இருக்கா, ஆசிட் எங்க வைக்கிறாங்க. இதுக்குப் பதில் சொல்லத் தயங்குனா எவ்வளவு பேரு வாங்குன பட்டறையா இருந்தாலும் திரும்பி வந்துடுங்க. கண்ணும் முதுகும் அடுத்தது, நல்ல வெளிச்சம், உயரம் சரியான பெஞ்சு, வருஷா வருஷம் கண் டெஸ்ட்டு.

கூடவே இன்னொண்ணு கேளுங்க, கல்லு ஒடஞ்சா காசு யாரு தலையில. கத்துக்குற புள்ள சம்பளத்துல புடிக்கிறதா இருந்தா ஒத்துக்காதீங்க. காலையில குடுக்குற தங்கம், சாயங்காலம் திருப்பிக் குடுக்குற உருப்படி, ராவுன தூளு, எல்லாம் எடை போட்டு நோட்டுல எழுதி பாப்பா கையெழுத்தும் போடணும். இதுல சங்கடப்பட எதுவும் இல்ல. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல குந்தவை குடுத்த நகைய, எத்தனை வைரம் எத்தனை மாணிக்கம் எத்தனை முத்துன்னு எண்ணி, அரக்கு உட்பட நிறை இவ்வளவுன்னு ஆயிரம் வருஷம் முன்னாடியே வெட்டி வச்சிருக்காங்க. ராஜா வீட்டு நகைக்கே எண்ணி எழுதுனாங்க.

குலத்தொழில் பேச்சுக்கு வர்றேன். அந்த வீட்டுப் புள்ளைங்களே நிறைய பேரு இப்ப வேற வேலைக்குப் போயாச்சு, கோயம்புத்தூர் பட்டறைகள்ல வங்காளத்துலேர்ந்து வந்த தம்பிங்க உக்காந்து வேலை பாக்குறாங்க. வேலை யாரு கத்துக்கறாங்களோ அவங்களுது. பொம்பளப்புள்ளைங்கறதுக்கு மட்டும் நான் மூணு விஷயம் பாப்பேன், அங்க வேற பொண்ணுங்க யாராவது வேலை செய்யுறாங்களா, ஒழுங்கான பாத்ரூம் இருக்கா, ஆறு மணிக்குள்ள பாபநாசம் பஸ் ஏத்தி விடுவாங்களா. அதுக்கு மேல ஊரு பேசுறதுக்கெல்லாம் என்கிட்ட மருந்து இல்ல தங்கச்சி, நீங்களும் உங்க வீட்டுக்காரரும் கூட நின்னா அந்தப் புள்ளைக்கு அது போதும்.

மெசேஜ்ல குறையா ஒண்ணு சொன்னீங்க, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் பித்தளைக் கம்பிய வளச்சுக்கிட்டு கண்ணாடிக் கல்ல வச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருக்கா, எத்தனை தடவை விழுந்தாலும் திரும்பத் திரும்ப பண்றான்னு. எனக்கு அந்த ஒரு வரிதான் எல்லாத்தையும் விட முக்கியமா பட்டுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு பாப்பாவ கூட்டிக்கிட்டு கும்பகோணம் வாங்க, நான் சொன்ன அந்த வயசான பத்தர்கிட்ட பேசி வச்சிருக்கேன். சரியா வந்தது மட்டும் இல்ல, விழுந்தது ஒடஞ்சதுன்னு அது பண்ணுன பித்தளைக் கட்டு எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு எடுத்துட்டு வரச்சொல்லுங்க, ஒடஞ்சதத்தான் அவரு முதல்ல கேப்பாரு.