திருகோணமலையிலிருந்து நுவரெலியாவுக்குத் தனியாகப் போய்வர முடியுமா?

தாராளமாக முடியும். சுற்றுலா வான் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் கண்டி பஸ் எடுங்கள். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகப் போகும். விடியவே வெளிக்கிட்டால்தான் அங்கிருந்து இருட்டுமுன் மலை ஏறலாம். கண்டியிலிருந்து இரண்டு வழி. பஸ் என்றால் றம்பொடை வழியே சுமார் 80 கிலோமீற்றர், வளைவுக்கு மேல் வளைவு. வயிறு பிரட்டுபவர்கள் முன் சீட்டில் இருங்கள். ரயில் ஆறுதலாகத்தான் போகும், ஆனால் காட்சிக்கு அதுதான் என் தெரிவு. நுவரெலியா என்ற பெயரில் நிலையத்தைத் தேடாதீர்கள், நானுஓயாவில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ எடுக்க வேண்டும். ஆட்டோக்காரரிடம் ஏறுமுன்னே காசு பேசிவிடுங்கள். கடும் மழை நாட்களில் மண்சரிவால் பாதை அடைபடும், விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலை பார்க்க, பஸ் பாதையிலேயே உள்ள லபுக்கலையில் இறங்கலாம். கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, உலர்த்தி, சலிப்பதை நேரிலே காட்டுவார்கள். தோட்டங்களில் தமிழிலேயே பேசலாம், பாஷைக் கஷ்டம் இல்லை. படம் எடுக்குமுன் கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் வேலையில் நிற்கிறார்கள்.

அப்புறம் குளிர். ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் கடற்கரை வெக்கைக்குப் பழகிய உடம்புக்கு ஸ்வெட்டர் கட்டாயம். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனிகூடப் படியும். ஏப்ரல் சீசனில் அறை வாடகை எகிறும், சனமும் நெரியும். அந்த மாதத்தைத் தவிர்த்தால் செலவு பாதியாகக்கூடக் குறையலாம்.