கேன்சர் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஒரே நாளில் 200 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டலாமா? மதுரைக்காரர்கள் யாராவது செய்திருக்கிறீர்களா?

செய்திருக்கிறேன். வயது 44, இரண்டு பிள்ளைகள், மதுரையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். போன தை மாதம் தெப்பக்குளத்தில் ஏறி தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இறங்கினேன். 200-க்குக் கொஞ்சம் குறைவுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டில் யாருக்கோ வந்திருக்கிறது என்று தோன்றுகிறது. இல்லையென்றால் சந்தோஷம். எனக்கு அம்மா. கருப்பைவாய்ப் புற்றுநோய். மாதவிடாய் நின்று ஆறு வருடம் கழித்து உதிரம் பட்டதை, "உடம்புச் சூடு" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தே ஒரு வருடம் மறைத்துவிட்டார். அப்புறம் போன டாக்டர் உள்ளே பரிசோதிக்காமலே எட்டு மாதம் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தெரிந்தபோது பரவிவிட்டது. சொந்தக்காரர்களிடம் கடைசிவரை "வயிற்றில் கட்டி" என்றுதான் சொன்னோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

"சைக்கிள் ஓட்டினால் கேன்சர் போய்விடுமா, அந்தக் காசை ஏழை நோயாளிக்குக் கொடுக்கலாமே" என்று கீழே ஒருவர் வந்து எழுதத்தான் போகிறார். கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் அம்மாவுக்கு வந்த நோய்க்கு எச்பிவி வைரஸ் காரணம் என்று 1980-களில் காட்டியவர் ஹரால்ட் ஸுர் ஹவுசன் என்ற ஜெர்மானியர். 2006-ல் தடுப்பூசி வந்தது, 2008-ல் அவருக்கு நோபல் பரிசு. இப்போது நம் நாட்டிலேயே தயாரிக்கிறார்கள். என் மகளுக்குப் போட்டாயிற்று. யாரோ ஒரு காலத்தில் ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள், அதனால் என் மகள் கையில் இன்று ஊசி ஏறியிருக்கிறது. எனக்கு இந்தக் கணக்கு போதும்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். கியர் வைத்த பழைய சைக்கிள், 14,000 ரூபாய். நான்கு மாதம் பழகினேன். முதலில் ஞாயிறுதோறும் அழகர்கோவில், பிறகு நத்தம், கடைசியில் திண்டுக்கல் போய்த் திரும்புவது. பிரெவே என்று, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் இருக்கிறது. அதில் 200 கிலோமீட்டர் ஓட்டுபவர்களுக்கு உலகம் முழுக்க 13 மணி 30 நிமிடம்தான் கெடு. அதையே எனக்கும் வைத்துக்கொண்டேன். கால் வலியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், உட்காரும் இடத்தைப் பற்றி ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பேடு வைத்த ஷார்ட்ஸ் கட்டாயம். நான் அதன்மேல் சுடிதார் பேண்ட் போட்டுக்கொண்டேன்.

அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரர் நீராகாரமும் கடலை மிட்டாயும் வைத்துக்கொண்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் பின்னாலேயே வந்தார். "புருஷன் துணைக்கு வந்தால் அது என்ன சவால்?" என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். மூன்று மணி இருட்டில் திருப்புவனம் ரோட்டில் ஒரு பெண் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு அவர் பேசட்டும். மானாமதுரை தாண்டும்போது இன்னும் விடியவில்லை. பரமக்குடியில் இட்லி. அதுவரை நான்கு வழிச்சாலை, பிரச்சினையே இல்லை. ராமநாதபுரத்துக்கு அப்புறம்தான் வாடைக்காற்று. இடது பக்கமாக முகத்திலேயே அடிக்கிறது, மிதித்தால் நகர மாட்டேன் என்கிறது. இருபதில் போனவள் பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டேன். உச்சிப்புளி பக்கம் கருவேல முள் ஏறிப் பின் டயர் பஞ்சர். மாற்று ட்யூப் இருந்தது, போடத் தெரியாது. ஒரு பஞ்சர் கடைத் தம்பி வந்து போட்டுக் கொடுத்தார். எதற்காக ஓட்டுகிறேன் என்று கேட்டார், சொன்னேன். காசு வாங்கவில்லை. "எங்க சித்திக்கும் அதான்க்கா" என்றார். பாம்பன் பாலத்தில் காற்று தள்ளிய தள்ளில் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போனேன். இதையும் மறைக்கவில்லை. அரிச்சல்முனை சேர்ந்தபோது மாலை 4:10. நான் அழவில்லை, பசிதான் எடுத்தது.

பணம் கேட்பதுதான் உண்மையான எதிர்க்காற்று. முதலில் என் ஜிபே எண்ணையே குரூப்பில் போட்டேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். "கணக்கு டீச்சர், கணக்கு காட்டுவீங்கள்ல?" என்று ஒருவர் சிரிக்கும் குறியோடு போட்டார். அன்றிரவே வந்த பணத்தையெல்லாம் திருப்பிவிட்டு, நேரடியாக அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கே அனுப்பச் சொன்னேன். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ஆராய்ச்சிக்கென்று குறிப்பிட்டுக் கொடுக்க முடியுமா என்று முதலிலேயே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். நன்கொடைக்கு வரிச்சலுகை வேண்டுபவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு லட்சம் நினைத்தேன், 86,200 சேர்ந்தது. எதிர்பார்த்தவர்கள் கொடுக்கவில்லை. மாட்டுத்தாவணியில் பழக்கடை வைத்திருக்கும் பழைய மாணவன் 2,000 அனுப்பினான். பெரியப்பா 500 கொடுத்துவிட்டு, "இதை நோட்டில் எழுதிக்கோ, திருப்பிச் செய்யணும்ல" என்றார். மொய் ஊரில் வேறென்ன சொல்வார்!

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் கொழுந்தனார் மொய் வாங்குவதற்கென்றே நடத்திய வசந்த விழாவுக்கு நாங்கள் எழுதிய மொய் 10,000. அவர் இதற்குக் கொடுத்தது 101. அது போகட்டும். நான் திரும்பி வந்தபோது தெருமுனையில் "சாதனைப் பெண்மணியே வருக" என்று ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார். அதில் என் முகத்தைவிட அவர் முகம் பெரிது. கேன்சர் என்ற சொல் எங்குமே இல்லை. கேட்டால், "நல்ல காரியத்தில் அந்தப் பேரு எதுக்கு அண்ணி?" என்கிறார். ஃப்ளெக்ஸுக்கு 1,200 ஆனதாம். ஆவணியில் அவர் வீட்டில் மறுபடி விழா வருகிறது. எவ்வளவு எழுதுவது என்று எனக்கும் வீட்டுக்காரருக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.