பாய்லரில் 'செட்டிங்' பார்ப்பதற்குப் பணம் கொடுக்கும் முன்

கேள்வி: வீட்டைச் சூடாக்க, இயற்கை எரிவாயுவில் ஓடும் கண்டென்சிங் பாய்லர் (புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும் வகை) வைத்திருக்கிறோம். வருடாந்திர சர்வீஸுக்கு வந்தவர் கேஸ் வால்வில் இருந்த ஒரு ஸ்குரூவைத் திருப்பினார். பார்வைக் கண்ணாடி வழியாகத் தீயைப் பார்த்து, "நீலமாக எரிகிறது, செட் ஆகிவிட்டது" என்று சொல்லித் தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டார். இது சரியான முறையா? புகையிலுள்ள வாயுக்களை அளக்கும் அனலைசர் ஒன்று வாங்கி நானே செய்துகொள்ளலாமா?

பதில்: சரியான முறை இல்லை. அந்த ஸ்குரூ காற்று-கேஸ் விகிதத்தை மாற்றுவது. அளவுக் கருவி இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேன் ஒரு பங்கு முழுதாக எரிய ஏறக்குறைய பத்துப் பங்கு காற்று வேண்டும். பாதுகாப்புக்காக அந்தக் காற்றின் அளவில் கால்வாசியைக் கூடுதலாக விடுவார்கள். அப்போது புகையில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 9 சதவீதமும் ஆக்சிஜன் 4.8 சதவீதமும் இருக்கும். கண்டென்சிங் பாய்லர்களில் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டித்தான் வைக்கச் சொல்வார்கள். உங்கள் மாடலுக்கான துல்லிய எண் மேனுவலில் இருக்கும். காற்று குறைந்து கார்பன் டை ஆக்சைடு 9-லிருந்து 10.5-க்கு ஏறினாலும் தீயின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் காற்று மேலும் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு ஒரு கட்டத்தில் திடீரென்று எகிறும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயிரைப் பறிக்கக்கூடிய வாயு. காற்று மிதமிஞ்சினால் வேறு தொல்லை: தீ பர்னரை விட்டு எழும்பும், பற்றவைப்பு தவறும், சூடு புகைக்குழாய் வழியே வெளியே போய்விடும்.

இன்னொன்று, ஸ்குரூ கடைசி வேலை. போன வருடம் சரியாக இருந்த அளவு இந்த வருடம் மாறியிருந்தால், ஸ்குரூ தானாகத் திரும்பியிருக்காது. பர்னரில் தூசி, வெப்பப் பரிமாற்றியில் படிவு, அடைத்த கண்டென்சேட் டிராப் (குளிர்ந்த நீராவியின் தண்ணீர் வடியும் இடம்), வலுவிழந்த ஃபேன், தேய்ந்த சீல், குறைந்த கேஸ் அழுத்தம் என்று காரணம் வேறு எங்காவது இருக்கும். அதைச் சரி செய்யாமல் ஸ்குரூவைத் திருப்பினால் கோளாறு மறையும், தீராது. பிறகு யாராவது பர்னரைச் சுத்தம் செய்யும்போது காற்று-கேஸ் விகிதம் மீண்டும் தவறிப்போகும்.

முறையாகச் செய்பவர் முதலில் பாய்லர் முழு வேகத்தில் ஓடும்போது கேஸ் அழுத்தத்தை அளப்பார். அடுத்து, காற்று உள்ளே வரும் குழாயில் அனலைசரின் ப்ரோபை (அளக்கும் குழல்) வைத்து ஆக்சிஜனைப் பார்ப்பார். வெளிக்காற்றின் 20.9 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். தெளிவாகக் குறைந்தால் புகை கசிந்து காற்றுக் குழாய்க்குள் வருகிறது என்று அர்த்தம், அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. பிறகு சர்வீஸ் மோடில் முழு வேகத்தில் ஓடவிட்டு புகையை அளந்து, தேவைப்பட்டால் முழு வேகத்துக்கான த்ராட்டில் ஸ்குரூவை எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பி, எண் நிலைக்கும் வரை ஓரிரு நிமிடம் காத்திருப்பார். அடுத்துக் குறைந்த வேகத்தில், அதற்கான ஆஃப்செட் ஸ்குரூ. இது மிக நுட்பமானது, கொஞ்சம் அசைந்தாலே அளவு நிறைய மாறும். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் நகரும் என்பதால், மறுபடி முழு வேகத்துக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினால் கேஸ் கூடும் என்பது வால்வுக்கு வால்வு வேறு. கடைசி அளவு, முன் மூடியை மாட்டிய பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது அனலைசரின் பிரிண்ட் அவுட். சர்வீஸுக்கு முன்னும் பின்னும், இரண்டு வேகத்திலும். அதில் கார்பன் மோனாக்சைடுக்கும் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். பல மேனுவல்கள் 0.004-ஐ மேல் எல்லையாகத் தருகின்றன. நல்ல பாய்லர் அதற்கு வெகு கீழேயே நிற்கும். 9 சதவீதம் என்பது 90,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). கார்பன் மோனாக்சைடு 90 பிபிஎம் என்றால் விகிதம் 0.001. அனலைசரில் தேர்ந்தெடுத்த எரிபொருளின் பெயரையும் அதே சீட்டில் கவனியுங்கள். பெரும்பாலான அனலைசர்கள் கார்பன் டை ஆக்சைடை நேரடியாக அளப்பதில்லை, ஆக்சிஜனை அளந்து கணக்குப் போட்டுக் காட்டுகின்றன. இயற்கை எரிவாயு பாய்லரில் தவறுதலாகப் புரொப்பேன் என்று வைத்தால், உண்மையில் 9 இருக்கும்போது திரை 10.5 காட்டும். அதை நம்பி கேஸைக் குறைத்துவிடுவார்கள்.

அனலைசர் வாங்குவது எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது. உள்ளே இருக்கும் சென்சார்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் சில வருடங்களில் செத்துவிடும். வருடம் ஒருமுறை அளவுத்திருத்தம் வேறு. சீல் வைத்த வால்வைத் திறக்க உரிமம் கேட்கும் நாடுகளும் பல. அந்தப் பணத்தில் ஒரு நல்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டுங்கள். கேஸ் பில் குறையும் என்பதற்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால், திரும்பி வரும் தண்ணீரின் சூட்டைக் குறைத்துப் பாருங்கள். அது 55 டிகிரிக்குக் கீழே போனால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தைத் தரும். ஸ்குரூவில் கிடைப்பதைவிட இதில் மிச்சம் அதிகம்.

கேள்வி: அதே பாய்லரை எல்பிஜிக்கு மாற்ற ஸ்குரூவைத் திருப்பினால் போதும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: வேண்டாம். எல்பிஜியில் உள்ள புரொப்பேனுக்கு ஒரு பங்குக்கு 24 பங்கு காற்று தேவை. மாடலைப் பொறுத்து ஜெட் (கேஸ் வரும் துளை), வால்வு, ஃபேன் வேக அமைப்பு ஆகியவையும் மாற வேண்டியிருக்கும். அந்த மாடலுக்கு உற்பத்தியாளரே மாற்றுக் கிட் தருகிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பாய்லரை எல்பிஜியில் ஓட்டக் கூடாது. கிட் போட்டால் அதோடு வரும் எல்பிஜி ஸ்டிக்கரைப் பாய்லரில் ஒட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை வருபவர் அனலைசரில் தவறான எரிபொருளைத் தேர்ந்தெடுப்பார்.