“தமிழோ?” என்று கேட்டவர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மதுரைக்காரன். மேற்படிப்புக்காகப் பாரிஸ் வந்து இரண்டு மாதம் ஆகிறது. போன ஞாயிறு பஸ்தீய் சந்தையில் தக்காளியை அமுக்கிப் பார்த்தேன். கடைக்காரர் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார். வெள்ளைக்காரர்களிடம் இப்படிக் கத்துவாரா? அன்று ராத்திரி தூக்கமே இல்லை. திரும்பும் வழியில் பார்பெஸ் மெட்ரோ வாசலில், தள்ளுவண்டியில் சோளம் சுட்டு விற்கிற ஒருவர் என்னைப் பார்த்து “தம்பி, தமிழோ?” என்றார். காதில் விழாத மாதிரி நடந்துவிட்டேன். இவர்களை வைத்துத்தானே நம் எல்லோரையும் இந்த ஊர் எடை போடுகிறது? இங்கே தெருவில் மரியாதையோடு நடமாட என்ன வழி? காய்கறி எங்கே மலிவு என்றும் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

தக்காளியை முதலில் முடித்துவிடுகிறேன். பஸ்தீய் சந்தையில் பல கடைகளில் காயைத் தொடக் கூடாது. வரிசையில் நின்று, முறை வந்ததும் ‘போன்ஷூர்’ என்று வணக்கம் சொல்லி, எவ்வளவு வேண்டும், என்றைக்குச் சமைக்கப் போகிறீர்கள் என்று சொன்னால் அவரே பொறுக்கித் தருவார். முலாம்பழம் கேட்டால் மத்தியானத்துக்கா ராத்திரிக்கா என்றுகூடக் கேட்பார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பாட்டி அமுக்கியிருந்தாலும் அதே கத்தல்தான். நிறவெறி இங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். வாடகைக்கு வீடு தேடும்போது பார்ப்பீர்கள், கோபத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மலிவு வேண்டுமென்றால் புதன், சனி காலையில் பார்பெஸில் மெட்ரோ மேம்பாலத்துக்கு அடியில் கூடும் சந்தைக்குப் போங்கள். அங்கே பல கடைகளில் நீங்களே பொறுக்கிப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, இப்போது அந்தச் சோளக்காரர்.

உங்கள் கடிதம் வருவதற்குச் சில நாள் முன்புதான் அதே வாசலில் நின்றிருந்தேன். போலீஸ் வந்தது. நான்கைந்து வண்டிகள் நெருப்போடு ஓடின. ஒருவரால் ஓட முடியவில்லை. கனிந்திருந்த கரியில் தண்ணீரை ஊற்றினார்கள், சுட்ட கதிர்களை அள்ளிக் குப்பையில் போட்டார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அதே நினைப்பாக இருந்தேன். அந்த நேரத்தில் நீங்கள் ‘இவர்கள்’ என்று எழுதுகிறீர்கள்.

அந்த வண்டியை ஒருமுறையாவது நின்று பார்த்தீர்களா? சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிக்குள் ஓட்டை போட்ட தகர டின், அதில் கரி, மேலே கம்பி வலையோ தட்டோ. குளிர் தொடங்கினால் சோளத்தோடு மரோன் என்கிற செஸ்ட்நட் கொட்டையும் வரும். ஒவ்வொரு கொட்டையின் ஓட்டிலும் முதலில் கத்தியால் ஒரு கீறல் போட வேண்டும், இல்லையென்றால் சூட்டில் வெடித்துவிடும். விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் தடித்திருக்கும். அந்தக் கையால்தான் காகிதத்தைச் சுருட்டிக் கொட்டையை அள்ளிப் போட்டுத் தருவார்கள். சுட்ட பலாக்கொட்டை மாதிரி இருக்கும், தின்று பாருங்கள்.

ஏன் ஒழுங்காக ஒரு கடை வைக்கக் கூடாது என்பீர்கள். சந்தையில் கடை போட வியாபாரி அட்டை வேண்டும், அதற்கு முதலில் இந்த நாட்டில் தங்கித் தொழில் செய்ய அனுமதி வேண்டும். அவர் அகதி விண்ணப்பம் போட்டவராக இருந்தால் முதல் ஆறு மாதம் வேலை செய்யவே உரிமை கிடையாது. அதற்குப் பிறகும் அனுமதி கேட்டுத்தான் வாங்க வேண்டும். அரசு கொடுக்கும் சின்ன உதவித்தொகையில் பாரிஸில் தலைசாய்க்க ஒரு மூலைகூடக் கிடைக்காது. ஊரில் நகையை அடகு வைத்து ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடன் வட்டியோடு நிற்கும். அனுமதியில்லாமல் தெருவில் விற்றால் சட்டப்படி 6 மாதம் வரை சிறை, 3,750 யூரோ வரை அபராதம். அது தெரிந்தும் காலையில் கரி பற்றவைக்கிறார் என்றால் அந்த மனிதரின் கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டிலாவது தெரு வியாபாரிகளைக் காக்க 2014இல் ஒரு சட்டம் வந்தது. மெரினாவில் கரியை விசிறிச் சோளம் சுடுகிற அம்மாவிடம் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவி வாங்கித் தின்னும்போது உங்களுக்கு மானம் போகவில்லை அல்லவா? பார்பெஸில் மட்டும் ஏன் போகிறது?

இந்த ஊர் எடை போடுகிறதாம்! தம்பி, 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் ஓவெர்ன் மலைப்பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இதே பாரிஸில் மாடி மாடியாகக் கரி சுமந்து விற்றார்கள். அவர்களும் ஏளனப் பேச்சு கேட்டவர்கள்தான். கரிக்கடையிலேயே ஒயினும் ஊற்றி விற்று, பிறகு இந்த நகரத்தின் கஃபேக்களில் ஏராளமானவற்றை நடத்தியது அவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். எடை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள்.

நீங்கள் சின்னப் பையன், வந்து இரண்டு மாதம். தனிமை எப்படிப் பிடுங்கித் தின்னும் என்று எனக்குத் தெரியும். காரைக்காலிலிருந்து நான் வந்த புதிதில் நாள் முழுக்கத் தமிழில் ஒரு சொல் காதில் விழாது. தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில் ஒரு மளிகைக் கடை வாசலில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அண்ணர் “பிள்ளை, சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நடுத்தெருவில் நின்று அழுதேன். மூட்டையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளர் தேத்தண்ணி கொண்டுவந்தார். இன்றைக்கும் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் போகிறேன்.

உங்களுக்கும் அதே குரல் கேட்டிருக்கிறது. தக்காளிக்காரர் கத்தியதற்குத் தூக்கம் போயிற்று, “தமிழோ?” என்று ஒருவர் ஆசையாகக் கேட்டதற்கு வாயைத் திறக்காமல் வந்ததற்கு ஏன் போகவில்லை? மரியாதையோடு நடமாட வழி கேட்கிறீர்கள். மரியாதை கொடுத்தவரைத்தான் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

இந்தச் சனிக்கிழமையே போங்கள். பார்பெஸ் வாசலில் இல்லையென்றால் அடுத்த ஸ்டேஷன் லாசப்பல்தான், அங்கே பாருங்கள். போலீஸுக்குப் பயந்து இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு கதிர் வாங்குங்கள். “ஓம் அண்ணை, தமிழ்தான், மதுரை” என்று சொல்லுங்கள். அவர் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.