“கைதே செய்யவில்லை” என்கிறது போலீஸ்; நஷ்ட ஈடு கேட்க முடியுமா?

கேள்வி: என் கணவர் டூவீலர் மெக்கானிக். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு, திருட்டு பைக் விஷயமாக விசாரிக்க வேண்டும் என்று கடையிலிருந்து அழைத்துப் போனார்கள். திங்கள் இரவு ஒன்பது மணிக்குத்தான் விட்டார்கள். ஞாயிறு காலை நான் கொண்டுபோன இட்லிப் பொட்டலத்தை வாசலில் இருந்த பாரா வாங்கிக்கொண்டார். அவரைப் பார்க்க விடவில்லை. எஃப்.ஐ.ஆர். இல்லை, கோர்ட்டுக்கும் கொண்டுபோகவில்லை. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “கைதே செய்யலையே” என்கிறார்கள். நஷ்ட ஈடு கேட்க வழியுண்டா?
– தென் மாவட்ட வாசகி

பதில்: உண்டு, சகோதரி. ஐம்பது மணி நேரம் ஒரு மனிதரை உட்கார வைத்திருக்கிறார்கள். கைது என்று எழுதினால்தான் கைது என்பதில்லை. எழுந்து வீட்டுக்குப் போக விடவில்லை என்றால் அது காவல்தான். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு. ஞாயிற்றுக்கிழமை என்பது சாக்கே அல்ல. விடுமுறையில் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கொண்டுபோவது வழக்கம்தான்.

அந்த வெள்ளைத்தாளை நினைத்துக் கலங்காதீர்கள். “அவராகவே வந்தார், விசாரித்து உடனே அனுப்பிவிட்டோம்” என்று அதில் எழுதிக்கொள்வார்கள். அதை உடைப்பது நேரத்துக்கான சாட்சிதான். கடையிலிருந்து கூட்டிப்போனதைப் பார்த்தவர், ஞாயிறு காலை ஸ்டேஷனுக்குப் போன ஆட்டோவுக்கு ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, நீங்கள் யார் யாருக்கு அழுதுகொண்டே போன் செய்தீர்களோ அந்தக் கால் லிஸ்ட் எல்லாம் வேண்டும். இன்று இரவே இருவரும் உட்கார்ந்து மணிவாரியாக எழுதி வையுங்கள். அந்த இட்லிப் பொட்டலத்தையும் மறக்காமல் எழுதுங்கள். அவர் உள்ளே இல்லையென்றால் பாரா அதை யாருக்காக வாங்கினார்?

ஸ்டேஷன் கேமரா பதிவு இன்னும் முக்கியம். பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் கேட்காமல் இருந்தால் “அழிந்துவிட்டது” என்ற பதில்தான் வரும். அந்த மூன்று நாள் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி எஸ்.பி.க்கு நாளையே மனு அனுப்புங்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

வழிகள் மூன்று: மனித உரிமை ஆணையத்தில் புகார், அடிப்படை உரிமை பறிபோனதற்காக உயர் நீதிமன்றத்தில் போடும் ‘ரிட்’ மனு, நஷ்ட ஈடு கேட்கும் சிவில் வழக்கு. நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் மூன்றிலும் நடந்தவர். 1994இல் பொய்யான உளவு வழக்கில் கேரளப் போலீஸ் அவரைக் கைது செய்தது. தேசிய மனித உரிமை ஆணையம் இடைக்கால நிவாரணமாகப் பத்து லட்சம் தரச் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஐம்பது லட்சம் தரச் சொன்னது. அவருடைய சிவில் வழக்கையும் தொடரலாம் என்றது. அந்த வழக்கில் கேரள அரசு 1.3 கோடி கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இத்தனைக்கும் கால் நூற்றாண்டு ஆனது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது, முதலில் மாநில மனித உரிமை ஆணையம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும்; செலவு இல்லை. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். அடிப்படை உரிமை பறிபோன வழக்கில் “இது அரசின் இறையாண்மைச் செயல், அதாவது ஆட்சி அதிகாரத்தில் செய்த வேலை, அதனால் பொறுப்பில்லை” என்ற வாதம் எடுபடாது என்பது 1993இன் நீலாபதி பெஹரா தீர்ப்பு. ஆனால் போலீஸ் எல்லாவற்றையும் மறுத்தால், “சாட்சி விசாரிக்க வேண்டும், சிவில் கோர்ட்டுக்குப் போ” என்று சொல்லவும் வாய்ப்புண்டு.

சிவில் வழக்கில் அடைத்து வைத்ததை நீங்கள் நிரூபித்தால் போதும், அது நியாயம்தான் என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. கெடுவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விட்ட நாளிலிருந்து ஓராண்டு. அதிலும் வழக்குக்கு முன் அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டத்தின் 53ஆவது பிரிவைக் காட்டி “மூன்று மாதம் தாண்டிவிட்டது” என்றும் வாதிடுவார்கள். ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது; ஆகவே நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும்.

வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்று தயங்க வேண்டாம். பெண் என்பதால் வருமானம் பார்க்காமலே உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போன் என்றால் 15100. போகும்போது எழுதி வைத்த தாளை எடுத்துப் போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.