தலைக்காயத்துக்குப் பின் மனநிலையைச் செல்போனில் குறிப்பது எப்படி?

கேள்வி: பைக் விபத்தில் தலையில் அடிபட்ட என் கணவர் வீடு திரும்பி நான்கு மாதமாகிறது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார். டாக்டர் கேட்டால் மட்டும் 'நல்லாத்தான் இருக்கேன்' என்கிறார். மனநிலையைக் குறிக்கும் ஆப் உதவுமா?
- வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: உதவும். உங்கள் கணவர் மறைத்துப் பேசுகிறார் என்று நினைக்காதீர்கள். மூளையின் முன்பகுதியில் அடிபட்டால் தன்னிடம் வந்த மாற்றம் தனக்கே தெரியாமல் போகலாம். காலையில் கத்தியது மாலையில் நினைவில் இருக்காது. அதனால்தான் அந்தந்த நேரத்திலேயே குறிக்க வேண்டும்.

இருபது, முப்பது உணர்ச்சிப் படங்களைக் காட்டும் ஆப் வேண்டாம். தேர்ந்தெடுப்பதே அவரைக் களைப்பாக்கிவிடும். ஐந்து முகங்கள் போதும். கூடவே தூங்கிய நேரம், தலைவலி, அசதி. காலை டிபன், மதியச் சாப்பாடு, இரவு ஏழு மணி என மூன்று வேளை நினைவூட்டல் வையுங்கள். சத்தம் ஆகாதவர் என்றால் வைப்ரேஷன் மட்டும். திரை வெளிச்சத்தையும் குறையுங்கள். விட்டுப்போன வேளையை மறுநாள் யோசித்து நிரப்பாதீர்கள், காலியாகவே இருக்கட்டும்.

சில நாளில் நினைவூட்டல் வராமல் நின்றுபோனால், பெரும்பாலும் காரணம் போனின் பேட்டரி சேமிப்பு வசதிதான். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரிப் பகுதிக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள்.

நீங்கள் கவனிப்பதை உங்கள் போனில் தனியாகக் குறியுங்கள். 'அப்படிக் கத்தினீங்களே, எதுக்குச் சிரிச்ச முகம் போட்டீங்க?' என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், பிறகு தினமும் சிரித்த முகம்தான். இருவர் குறிப்புக்கும் உள்ள வித்தியாசமே டாக்டருக்குப் பெரிய தகவல்.

மாத்திரை மாறிய தேதியையும் மறக்காமல் எழுதுங்கள். வலிப்புக்குத் தரும் லெவிடிரசிட்டம் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். குறிப்பைக் காட்டினால் டாக்டர் முடிவு செய்வார்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளை நிரப்புங்கள். 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி சாகும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416 இலவசம். இரவிலும் தமிழில் பேசலாம்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் பக்கம் சிக்னலே கிடைப்பதில்லை. தலையில் அடிபட்ட தம்பிக்கு இந்த மாதிரி ஆப் சரிப்படுமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: போனிலேயே சேமிக்கும் ஆப் என்றால் சரிப்படும். ஏரோப்ளேன் மோடில் ஒரு குறிப்புப் போட்டு, ஆப்பை மூடித் திறந்து பாருங்கள். குறிப்பு அப்படியே இருக்க வேண்டும். சேலம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் பி.டி.எஃப். ஆக எடுத்துவையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் தலைசுற்றலும் அசதியும் வரும். அன்றைய குறிப்பில் 'பயணம்' என்று சேர்த்தால்தான் அன்று மனநிலை ஏன் சரிந்தது என்று டாக்டருக்குப் புரியும். போன் திரையே தலைவலி தந்தால், மாதக் காலண்டரில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டாலும் போதும்.